பதினேழு பேனலைக் குறைத்தவர்களுக்கு நான்கு ஸ்டார்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி மொட்டைமாடியில் சோலார் போட்டு ஒரு வருஷம் ஓடிவிட்டது. முதலில் வந்தவர் டேப் பிடித்து அளந்து, 540 வாட் பேனல் 185 போடலாம், 100 கிலோவாட் என்று கொட்டேஷன் கொடுத்தார். வரிசைக்கு வரிசை ஒரு சாண் இடைவெளி. அடுத்து வந்த இவர்கள், 168க்கு மேல் போட மாட்டோம் என்றார்கள். மாடியில் இடம் கிடக்கும்போது எதற்குக் குறைக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கூட வந்த தம்பி மாடியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் நிழலை ஓட்டிக் காட்டினார். தெற்குப் பார்த்து 11 டிகிரி சாய்த்தால் பேனலின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 43 சென்டிமீட்டர் தூக்கி நிற்கும். மார்கழியில் காலை 9 மணிக்கு அதன் நிழல் வடக்கே 40 சென்டிமீட்டர் போகும். ஒரு சாண் விட்டால் பின்வரிசையின் அடிச் செல்கள் மொத்தமும் இருட்டு. செல்கள் தொடராகக் கோத்தவை என்பதால் அடிவரிசை இருண்டாலே கீழ்ப்பாதி படுத்துவிடும். மேல்பாதி, கீழ்ப்பாதி என்று தனித்தனியாக இணைத்த ஹாஃப் கட் பேனலில் மேல்பாதியாவது தப்பும். பழைய மாடலை நெட்டுவாக்கில் வைத்தால் முழுப் பேனலும் போச்சு. ஆகவே அரை மீட்டர் இடைவெளி.

எனக்குப் புதிதாக இருந்தது லிப்ட் ரூம் கதைதான். அது வடகிழக்கு மூலையில் இருக்கிறது, வடக்கே இருப்பதன் நிழல் பேனலில் எப்படி விழும் என்று கேட்டேன். நம் ஊரில் ஆனி மாதம் சூரியன் வடக்கே போய்விடுகிறதே, காலை நிழல் மேற்கும் கொஞ்சம் தெற்குமாகச் சரியும் என்றார். சரிதான், ஜூனில் நானே ஏறிப் பார்த்தேன். அந்த நிழலில் சிக்கும் 14 பேனலையும் ஒரே ஸ்ட்ரிங்காக, அதாவது ஒரே தொடராகக் கோத்து, இன்வெர்ட்டரில் தனி எம்பிபிடியில் (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை இழுக்கும் பகுதி) கொடுத்திருக்கிறார்கள். காலையில் அது மட்டும் சோம்பும். மற்ற 11 ஸ்ட்ரிங்கும் அதுபாட்டுக்கு ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. அரை மீட்டர் சந்தில் குனிந்து நின்று பஞ்சுத் தூசியைக் கழுவுவது இடுப்பு ஒடிகிற வேலை. இன்னொன்று, இத்தனை நிழல் கணக்குப் போட்டவர்கள் இடிதாங்கிக் கம்பியை, அதன் நிழல் பேனல் மேலேயே விழும்படி, தெற்கு ஓரத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். போட்டோ எடுத்து அனுப்பினேன். வடக்கு ஓரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் மூன்று வாரம் கழித்து. ஒரு ஸ்டார் அதில்தான் போனது.