ரிதம் ஓடுவதைப் பார்த்து பழைய காசியோவை வாங்கிவிடாதீர்கள்

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ஒருவரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கிய காசியோ எஸ்கே-1 என்ற சின்ன கீபோர்டு பற்றிய எச்சரிக்கை இது. "சர்வீஸ் முடிச்சு வச்சிருக்கேண்ணே, போட்டா வாசிக்க வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கடையில் டெமோ பாட்டும் பாடியது, ரிதமும் ஓடியது.

ஏமாந்த இடமே அதுதான். டெமோவும் ரிதமும் உள்ளே இருக்கும் சிப்பிலிருந்து நேராக வருபவை. கட்டைகளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. 32 கட்டையும் செத்திருந்தாலும் ரிதம் கம்பீரமாக ஓடும். ஆகவே ரிதத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாருங்கள், பிறகு நான்கை ஒன்றாக அழுத்துங்கள். நான்கு சுரமும் சேர்ந்து கேட்க வேண்டும். அதற்கு மேல் அந்தக் கருவியால் முடியாது.

அங்கொன்று இங்கொன்றாகக் கட்டை பேசாவிட்டால் பயப்பட வேண்டாம். டிவி ரிமோட்டில் இருப்பது போன்ற கார்பன் ரப்பர்தான் அழுக்காகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கூட்டமாகவோ சம இடைவெளியிலோ சில கட்டைகள் செத்திருந்தால்தான் கவலை. கட்டைகள் தனித்தனியாக அல்ல, வரிசை வரிசையாகச் சிப்போடு சேர்ந்திருக்கின்றன. போர்டில் மின்சாரம் ஓடும் கோடு, அதாவது டிராக், ஒன்று அறுந்தால் அந்த வரிசையே போய்விடும்.

இந்தப் பெட்டியில் இரண்டுமே இருந்தன. திறந்தால், ரப்பருக்கு அடியில் சிகரெட் பாக்கெட் அலுமினியத் தாளை வெட்டி ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தார்கள். இது சில வாரம் வேலை செய்யும். அதற்குள் அந்தத் தாள் போர்டில் இருக்கும் கார்பன் பூச்சைச் சுரண்டித் தின்றுவிடும். ஃபெவிக்விக்கின் ஆவி வேறு சுற்றிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். அழுக்கு ரப்பரைத் துடைக்கலாம், சுரண்டிப்போன போர்டை என்ன செய்வது?

அடுத்தது கரண்ட். இதற்கு ஐந்து பென்டார்ச் பேட்டரி, அதாவது 7.5 வோல்ட். கடையில் ஓட்டிக் காட்டியது 12 வோல்ட் செட்டாப் பாக்ஸ் அடாப்டரில். அந்த அடாப்டர்களில் பின்னின் நடு பிளஸ், பழைய காசியோவுக்கு நடு மைனஸ். அதனால் ஒயரை வெட்டி மாற்றி முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அந்த ஒட்டைப் பார்த்ததுமே நகர்ந்திருக்க வேண்டும். பேட்டரி அறையில் ஸ்பிரிங்கெல்லாம் களிம்பு ஏறியிருந்ததை மறைக்கத்தான் அடாப்டர். அதிக வோல்டேஜில் ஆம்ப்ளிஃபயர் ஐசி பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவு சுட்டது.

புது ஸ்பிரிங் போட்டும் பேட்டரியில் உயிர் வரவில்லை. அடாப்டர் சாக்கெட்டுக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. பின் உள்ளே போனால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும், எடுத்தால் சேர்க்கும். அது வளைந்தே நின்றுவிட்டது. எனவே ஐந்து புது பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் அதில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், ஐந்தும் சேர்ந்து 6 வோல்ட்தான். கருவி திணறினால் குற்றம் எதில் என்று தெரியாது.

எஸ்கே-1 வாங்குவதே சாம்ப்ளிங்குக்காக, அதாவது வெளிச் சத்தத்தைப் பதிவுசெய்து அதையே கட்டைகளில் வாசிப்பதற்காக. மைக்கில் பேசிப் பதிவுசெய்து மேல் கட்டையிலும் கீழ்க் கட்டையிலும் வாசித்துப் பாருங்கள். 1.4 நொடிதான் பதிவாகும். ஒலியை நொடிக்குச் சுமார் 9,380 முறைதான் (9.38 கிலோஹெர்ட்ஸ்) அளந்து பதிகிறது என்பதால், அதில் பாதியான 4.7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வராது. பறையின் குச்சி வீச்சு மழுங்கும், உறுமியின் அடித்தொண்டை அழகாக விழும். அந்தக் கரகரப்பு கருவியின் குணம், பழுதல்ல. ஒன்றுமே பதிவாகாவிட்டால்தான் பழுது. இதில் மைக் ஒயரே இல்லை.

திருப்பிக் கொடுத்தபோது பாதிப் பணம்தான் கிடைத்தது. பெட்டி இப்போது மறுபடி அவரிடம் இருக்கிறது, மறுபடி விற்பனைக்கு வரும். அடையாளம் சொல்கிறோம்: பேட்டரி மூடியின் ஒரு கொக்கி உடைந்திருக்கும், பின்பக்கத்தில் ஆறு திருகாணியில் இரண்டு புதுசாகப் பளபளக்கும், ஸ்பீக்கர் சல்லடையின் இடது ஓரத்தில் சாலிடரிங் அயர்ன் சுட்ட ஒரு தழும்பு இருக்கும்.