வால்நட்டா, ஓக்கா? கோதிக் பெட்டி வாங்குவதற்கு முன்

விக்டோரியா காலத்து கோதிக் பெட்டி, அதாவது ஐரோப்பிய இடைக்காலத் தேவாலயங்களின் பாணியில் செய்த பெட்டி ஒன்று வேண்டுமென்று லண்டன் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினால், கடைசியில் இரண்டு வகையில்தான் வந்து நிற்போம். ஒன்று, மூடி குவிந்து, பித்தளைப் பட்டைகள் பதித்த பளபளப்பான வால்நட் மரப் பெட்டி. இன்னொன்று, முழு ஓக் மரத்தில் செய்த கனத்த பெட்டி. பட்டைகள் இதிலும் உண்டு, மினுக்குதான் குறைவு. நான் ஓக்கை வாங்கி வைத்திருப்பவன். அதனால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

அழகில் போட்டியே இல்லை, வால்நட்தான். முடிச்சு விழுந்த பகுதியை அறுத்து ஒட்டியிருப்பார்கள். அரக்கு பாலிஷுக்கு அடியில் அந்தச் சுழிகள் அசைவதுபோலவே தெரியும். வயதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது, கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிச் சரக்கு. கூர்முனை வளைவையும் மூவிலைப் பூவையும் பார்த்துவிட்டு இடைக்காலப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் 1749-இல் லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையைத் திருத்திக் கட்ட ஆரம்பித்தபோது அது ஒரு பணக்காரரின் ஆசை. 1834 தீவிபத்துக்குப் பிறகு எழுந்த லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞர் பியூஜின் உள்ளலங்காரம் செய்தார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவருடைய இடைக்கால அரங்கைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் இந்த மோகம் எழுதுமேசைவரை இறங்கி வந்தது.

கோரமண்டல் மரத்தில் செய்தவையும் கண்ணில் படும். பெயரிலேயே சோழமண்டலக் கரை இருக்கிறது. மரமும் நம் கருங்காலிக்கு உறவுதான். கடையில் தொட்டுப் பார்த்ததோடு சரி, வீட்டில் வைத்துப் பழகியதில்லை என்பதால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. வால்நட் பெட்டி முழுக்க வால்நட் அல்ல. அடியில் பைன் போன்ற மலிவு மரம், அதன்மேல் மெல்லிய வால்நட் தகடு, அதற்கும் மேலே குட்டி ஆணிகளால் அடித்த பித்தளை. ஒட்டியிருப்பது நம் ஆசாரிகள் வச்சிரம் என்று சொல்லும் அதே பசை. லண்டன் வீடுகளில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும், காற்று வறண்டுபோகும். அடிமரம் சுருங்கும்; பித்தளை சுருங்காது. நடுவில் மாட்டிக்கொண்ட தகடு என்ன செய்யும்? வெடிக்கும், அல்லது ஓரத்தில் கிளம்பும். ஆணிகள் மெல்ல மேலே வரும், பட்டை வில்லாக வளையும். வச்சிரத்தை ஈரமும் சூடும் கொடுத்து இளக்கி மறுபடி ஒட்டலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும், அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

துடைப்பதிலும் சங்கடம்தான். பித்தளை பாலிஷ் போட்டால் அதில் இருக்கும் வெள்ளைப் பொடி பட்டையின் ஓரத்தில் தங்கிவிடும். கடையில் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள், பட்டையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு தெரியும். தேய்க்கத் தேய்க்க, செதுக்கிய கோடுகளும் மழுங்கிப்போகும்.

ஓக் பெட்டியில் தகடே கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை தேன்மெழுகு தடவித் துணியால் தேய்த்தால் போதும். கீறல் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும், உள்ளேயும் அதே மரம்தானே. அதற்காக ஓக்குக்கு நோயே வராது என்று சொல்லவில்லை. மூடியில் நார்வாட்டத்துக்குக் குறுக்கே பட்டையைத் திருகி இறுக்கியிருந்தால், மரம் சுருங்க வழியில்லாமல் விரிசல் விடும். இரும்பும் அதற்கு ஆகாது. என் பெட்டியில் பூட்டுத் தகட்டின் இடது மூலையில், பித்தளைத் திருகாணி இருந்த இடத்தில் யாரோ எப்போதோ இரும்பை முறுக்கியிருக்கிறார்கள்; அதைச் சுற்றிக் காசு அளவுக்கு நீலக்கறுப்பு. ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சியதும் இதே சங்கதிதான்.

பியூஜின் 1841-இலேயே ஒன்று சொல்லியிருந்தார்: அலங்காரம் என்பது கட்டுமானத்தை அழகுபடுத்துவதாக இருக்க வேண்டும், தனியாக ஒட்டவைத்ததாக இருக்கக் கூடாது. கதவு முழுக்க நீண்டு மரத்தைப் பிடித்துக்கொள்ளும் பழைய கீல்களை அவர் மெச்சியதும் அதனால்தான். இந்த அளவுகோலை வைத்தால் வால்நட் பெட்டி தோற்கும். முன்னால் நீளமாக ஓடும் பட்டை எதையும் தாங்கவில்லை. உண்மையான கீல் பின்பக்கம் மறைந்திருக்கிறது. நான் பார்த்த ஓக் பெட்டிகளிலும் பாதிக்குப் பாதி இதே பாசாங்குதான். நல்லவேளையாக என்னுடையதில் மூடிப் பட்டைகள் பின்பக்கம் இறங்கிக் கீலாகவே வேலை செய்கின்றன.

விற்கும் யோசனை இருந்தால் பட்டை நடுவே வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். அது தந்தமாக இருக்கலாம். பிரிட்டனில் 2018-இல் நிறைவேறிய தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பொருள் 1947 மார்ச் 3-க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் அதன் பருமனில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், பதிவு செய்துவிட்டு விற்கலாம். பதிவில்லாமல் விற்பது குற்றம். எலும்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் எது எலும்பு, எது தந்தம் என்று கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்க நான் தயாரில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வால்நட்தான் வேண்டுமென்றால், மூடி முழுவதையும் விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தகடு கிளம்பிய இடத்தில் பொள்ளலாகச் சத்தம் வரும். சத்தம் எங்கும் ஒரே மாதிரி இருந்து, சுண்ணாம்புக் கோடும் இல்லாவிட்டால் தாராளமாக வாங்கலாம். வீட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.