ரெய்கியா, பிராணிக் ஹீலிங்கா? சிறிய அளவில் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

வீட்டின் ஓர் அறையிலோ மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் யோகா கூடத்திலோ, உயிராற்றலைக் கையால் செலுத்தி நலம் சேர்ப்பதாகச் சொல்லப்படும் ஆற்றல் சிகிச்சையைத் தொடங்க எண்ணும் தமிழ்நாட்டவர் பலர், ரெய்கிக்கும் பிராணிக் ஹீலிங்குக்கும் இடையில்தான் தயங்கி நிற்கிறார்கள். இரண்டில் எதற்குச் சக்தி அதிகம் என்று விசாரிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. கையை உடலின் மேல் வைப்பதா, வைக்காமலே செய்வதா என்னும் ஒரே வேறுபாடு அறை, நேரம், வருவோர், கட்டணம் ஆகிய அனைத்தையும் தீர்மானித்துவிடுவதால், ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குவதே முறையாகும்.

ரெய்கி, மிக்காவோ உசுயி என்பவரால் 1922இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டு, ஹவாயோ தகாதா என்னும் பெண்மணி வழியாக 1930களின் இறுதியில் ஹவாய்க்குச் சென்று, பிறகு உலகெங்கும் பரவிய முறை. வருபவரை ஆடையோடு படுக்கவைத்து, தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் கையை மெல்ல வைத்திருப்பார்கள். ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதற்கு உயரமான படுக்கை மேசை, ஒவ்வொருவருக்கும் மாற்றத் துவைத்த விரிப்பு, சத்தம் வராத அறை, கதவைச் சாத்திக்கொள்ளும் தனிமை ஆகியவை வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னால் அயலார் ஒருவர் உடலில் கை வைப்பது நம் ஊர்களில் எவ்வளவு எளிதாகப் பேச்சுக்கு இடமாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் தம் பாலினத்தவருக்கு மட்டும் செய்வது என்று வரையறுத்துக்கொள்வோர் உண்டு. அதனால் வருவோர் பாதியாகக் குறையக்கூடும், ஆயினும் அது விவேகமான வரையறை.

பிராணிக் ஹீலிங்கைத் தொகுத்தவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த வேதிப்பொறியாளரான சோவா கோக் சூயி. அதில் உடலைத் தொடுவதே இல்லை. வருபவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, ஹீலர் சற்றுத் தள்ளி நின்று கையால் ஸ்கேன் செய்து, கெட்ட ஆற்றலாகக் கருதப்படுவதை வாரி உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் உதறிவிட்டு, பிறகு பிராணனைச் செலுத்துவதாகச் செய்முறை அமைந்திருக்கிறது. இரண்டு நாற்காலிகளும் ஒரு பாத்திரமும் கல் உப்பும் இருந்தால் போதும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்கூடத்திலேயே செய்யலாம், உடன் வந்த உறவினரும் பக்கத்தில் இருக்கலாம். பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை மட்டுமே நேரம் கிடைக்கும் ஒருவர் ரெய்கியில் இருவரையோ மூவரையோதான் பார்க்க முடியும்; பிராணிக்கில் ஐந்தாறு பேரைப் பார்க்கலாம். செலவையும் இடத்தையும் மட்டும் கணக்கிட்டால் பிராணிக் ஹீலிங்கே முந்துகிறது.

பயிற்சியில் நிலைமை வேறு. ரெய்கிக்கு உலகளாவிய தலைமை அமைப்பு எதுவும் கிடையாது. ஒரு மாஸ்டரிடம் தீட்சை பெற்றவர் அடுத்தவருக்குத் தீட்சை அளிப்பதாகவே அது வளர்ந்திருக்கிறது. தகாதா தம் காலத்தில், மூன்றாவதும் இறுதியுமான மாஸ்டர் நிலைக்கு 10,000 டாலர் வாங்கினார். இன்றோ மூன்று நிலைகளையும் ஒரே வார இறுதியில் முடித்துச் சான்றிதழ் தருவோரும் இருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு உள்ள மதிப்பு, அதைக் கொடுத்தவருக்கு உள்ள மதிப்புதான். பிராணிக் ஹீலிங் ஓர் அமைப்பின் கீழ் அடிப்படை, மேல்நிலை, உளச்சிகிச்சை எனப் படிப்படியாகக் கற்பிக்கப்படுவதால் பாடத்திட்டம் எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அந்த அமைப்பு தன் உரிமையை நிலைநாட்டத் தொடுத்த வழக்கில், நூலுக்கு உள்ள பதிப்புரிமை அதில் விவரிக்கப்பட்ட பயிற்சியைச் செய்வதற்கு நீளாது என்று கூறி, டெல்லி உயர் நீதிமன்றம் 2014இல் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. இருந்தாலும், அமைப்போடு இணக்கமாக இருந்தால்தான் அடுத்த நிலைகளுக்குச் செல்ல முடியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவியல் சான்றைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. கையால் ஆற்றலை உணர்வதாகக் கூறும் இவற்றை ஒத்த ஓர் அமெரிக்க முறையை எமிலி ரோசா என்னும் சிறுமி சோதித்தாள்; 21 ஹீலர்கள், தங்கள் எந்தக் கைக்கு அருகில் அவளுடைய கை இருக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். 280 முறைகளில் 44 சதவீதமே சரியாக இருந்தது; கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வந்திருக்கும். அது 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி உதவுகிறதா என்று ஆராய்ந்து, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வும், போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

இங்கேதான் என் எடை ரெய்கியின் பக்கம் சாய்கிறது. ஒரு மணி நேரம் கைபேசி இல்லாமல், யாரும் கேள்வி கேட்காமல், அமைதியான அறையில் படுத்திருப்பது ஓய்வு. அதை ஓய்வு என்றே சொல்லி நேர்மையாகக் கட்டணம் வாங்க முடியும். பிராணிக்கில் ஸ்கேன் செய்து முடித்தவுடன் வந்தவர் நம் முகத்தைப் பார்ப்பார். “நாபிச் சக்கரத்தில் அடைப்பு இருக்கிறது” என்று வாய் தானாகவே சொல்லிவிடும். அது அடுத்த நிமிடமே கல்லீரலைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ தீர்ப்பாகிவிடும். நோயறிதலைப் போல ஒலிக்கும் பேச்சுக்கு அம்முறையே வழிவிடுகிறது என்பது அதன் மிகப் பெரிய பலவீனம்.

சட்டம் அந்தப் பேச்சைத்தான் பார்க்கும். 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு, புற்றுநோய் உட்பட 54 நோய்கள் உள்ளன. அவற்றைக் குணப்படுத்துவதாக மந்திரத் தீர்வுகளை, அதாவது அதிசய ஆற்றல் உள்ளதாகக் கூறப்படுபவற்றை, விளம்பரம் செய்தால் முதல் முறையே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் நோட்டீஸும் விளம்பரம்தான் என்று எண்ணி நடப்பதே பாதுகாப்பு. தகுதியின்றி மருத்துவம் பார்ப்பதற்கு 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளுக்குரிய ஜி.எஸ்.டி. விலக்கு தமக்கும் உண்டு என்று ஹீலர்கள் கருதிக்கொள்ளக் கூடாது. ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டாதவரை சிறியவர்களுக்கு அந்தக் கவலை எழாது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிராணிக்குக்கு வீடு பொருந்தும். ரெய்கிக்கு யோகா மையத்தின் அறையை மணிக்கணக்கில் எடுப்பது நல்லது, வேறு ஆட்கள் நடமாடும் இடம் என்பதால் தொடுதல் குறித்த தயக்கமும் தணியும். வீட்டில் நடத்துவோர், இலவச யூனிட் சலுகை உள்ள வீட்டு இணைப்பிலேயே தொடரலாமா, வணிகக் கட்டணத்துக்கு மாற வேண்டுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து செய்யும் ஹீலிங் இரண்டு முறைகளிலும் உண்டு. செலவே இல்லாதது என்பதாலேயே, தொடக்கத்தில் அதற்குப் பணம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலையை விடாமல், கையில் சேமிப்பு அதிகம் இல்லாமல், வீட்டிலேயே தொடங்குபவருக்கு பிராணிக் ஹீலிங் ஏற்றது. ஆனால் ஸ்கேனில் கண்டதாகத் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லாத அடக்கம் அவருக்கு வேண்டும். அந்த அடக்கம் தமக்கு வராது என்று அறிந்தவர், அறை வாடகை கூடினாலும் ரெய்கியையே எடுத்துக்கொள்ளட்டும். எதை எடுத்தாலும் முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வரும் ஒவ்வொருவரும் எந்த மருத்துவரிடம் பார்க்கிறார், எந்த மாத்திரையைத் தொடர்கிறார் என்பதை அவரையே எழுதவைத்து, அதை நிறுத்தப் போவதில்லை என்பதற்குக் கையொப்பமும் வாங்கிக்கொண்ட பிறகே அமர்வைத் தொடங்க வேண்டும்.