செட்டிநாட்டு வீட்டில் பெரிய இடத்துக் கல்யாணம்: ஓர் ஏற்பாட்டு நிறுவனத்தின் சேவை குறித்து

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பல, இப்போது முகூர்த்த நாள்களில் வாடகைக்குத் திறக்கப்படுகின்றன. வீடு, பந்தல், சமையல், அலங்காரம், தங்குமிடம், வாகனம் என்று எல்லாவற்றையும் ஒரே கையில் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்லும் நிறுவனங்களும் அதையொட்டித் தோன்றியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு நிறுவனம், தொழிலில் பெயர் பெற்ற இரண்டு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களுக்காகக் கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில் நடத்திக் கொடுத்த கல்யாணத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு. பெண் வீட்டாருக்கு நான் தாயபிள்ளை, அதாவது உறவுமுறை. பந்தி விசாரிப்பும் கணக்குப் பார்ப்பதும் என் பொறுப்பில் இருந்ததால், விருந்துக்கு வந்து போனவர்கள் கண்ணில் படாத பின்கட்டையும் பார்க்க முடிந்தது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சமையலுக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். அலங்காரத்துக்கு அழைப்பதாக இருந்தால் பக்கத்திலேயே ஓர் ஆளை நிறுத்த வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் வீட்டைச் சார்ந்தவை.

பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கட்டப்பட்ட இந்த வீடுகள், குடியிருப்பதற்காக மட்டும் கட்டப்பட்டவை அல்ல. கல்யாணம், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தி, முன்னோருக்கான படைப்பு என்று பங்காளிகளும் தாயபிள்ளைகளும் நூற்றுக்கணக்கில் கூடும் நாள்களை மனத்தில் வைத்தே அவற்றின் அளவுகள் வகுக்கப்பட்டன. முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வந்தவர்களை முகப்பிலும் அதையொட்டிய கூடமான பட்டாலையிலும் உட்காரவைத்து, சடங்கை முதல் முற்றத்தைச் சுற்றிய வளவில் நடத்தி, பந்தியை அதற்கு அடுத்த முற்றப் பகுதியான இரண்டாங்கட்டில் போட்டு, அடுப்பைக் கடைசிக் கட்டில் மூட்டினால், விருந்தாளியும் விறகும் ஒரே வழியில் முட்டிக்கொள்ள வேண்டிய தேவையே இருக்காது. ஏற்பாட்டாளர் எவ்வளவு பெரியவரானாலும், இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டு வேலை செய்கிறாரா என்பதை வைத்துத்தான் அவரை அளக்க வேண்டும்.

இந்த நிறுவனத்தின் சமையல் குழுவுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. காய்கறி லாரி, பால், எரிவாயு உருளைகள், வாழையிலைக் கட்டு அனைத்தும் பின்தெரு வழியாகவே வந்தன. முகப்புத் தெருவில் சமையல் சாமான் ஒன்றுகூட இறங்கவில்லை. தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பெரிய அடுப்புகளை அங்கே வைத்துக்கொண்டவர்கள், வெள்ளைப் பணியாரத்துக்கான எண்ணெய்ச் சட்டிகளை மட்டும் இரண்டாங்கட்டு முற்றத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வெள்ளைப் பணியாரம் கூட்டத்துக்கு ஏற்ற பலகாரம் அன்று. பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அளவின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, புளிக்க விடாமல் கரண்டி கரண்டியாக எண்ணெயில் ஊற்றி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுத்த சிறிது நேரத்துக்குள் இலைக்கு வராவிட்டால் அது துவண்டு, எண்ணெய் குடித்த தோசைத் துண்டு போல ஆகிவிடும். தோட்டத்திலிருந்து சுமந்து வந்திருந்தால் அந்தக் கதிதான் நேர்ந்திருக்கும். சட்டி முற்றத்தில் இருந்ததால் புகை மேலே போயிற்று, பணியாரம் பக்கத்து இலைக்குப் போயிற்று.

முதல் பந்திக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டு ஆச்சி ஒருவர் நேராகச் சட்டியருகே வந்து, ஒரு பணியாரத்தை எடுத்து இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்தார். "மாவு எப்பத் தம்பி ஆட்டினது?" என்று கேட்டார். "இப்பத்தான் ஆச்சி, ஒரு மணி நேரங்கூட ஆகலைங்க" என்று மாஸ்டர் சொன்னார். ஆச்சி இரண்டு பாதியையும் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பந்திக்குப் போய் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

காலைப் பந்தியில் கவுனி அரிசியும் கந்தரப்பமும் இருந்தன. கவுனி அரிசியின் கறுப்புத் தோல் கடினமானது. முதல் நாள் இரவே ஊறப்போட்டுக் குழைய வேகவைக்காவிட்டால் எவ்வளவு நெய்யும் தேங்காயும் சேர்த்தாலும் பல்லில் நிற்கும். இங்கே ஒரு பருக்கைகூட நிற்கவில்லை. மதியம் வாழைப்பூக் கோலாவும் பலாக்காய்ப் பிரட்டலும் நன்றாக இருந்தன என்றாலும், நான் தனியாகக் குறிப்பிட விரும்புவது வெண்டைக்காய் மண்டியை. அரிசி கழுவிய கெட்டித் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு வைக்கும் எளிய வீட்டுப் பண்டம் அது. பணக்காரக் கல்யாணங்களில் அதை வைக்கத் தயங்குவார்கள். பனீர் வைத்தால்தான் கௌரவம் என்று நினைப்பார்கள். இந்த மாஸ்டர் துணிந்து வைத்தார், பந்திக்குப் பந்தி அதையே மறுபடி கேட்டார்கள். பரிமாறுபவர்கள் இலையைப் பார்த்துப் போட்டார்கள். வேண்டாம் என்று கை காட்டியவருக்கு வற்புறுத்தி ஊற்றவில்லை. சாம்பாரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதைத் தவிர மதியச் சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இரவு விருந்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பாஸ்தா, சாட், தந்தூரி என்று எந்த ஊரிலும் கிடைப்பவையே வரிசையாக இருந்தன. வயதானவர்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நாற்காலியைத் தேடினார்கள்.

அலங்காரக் குழுவுக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் ஜாம்நகரிலும் ஜூலையில் மும்பையிலும் நடந்த அம்பானி வீட்டு விழாக்களின் படங்களைக் காட்டாமல் எந்த ஏற்பாட்டாளரும் இப்போது பேச்சைத் தொடங்குவதில்லை. இவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். அந்த விழாக்கள் நடந்த இடங்கள் வேறு. வெறுமையான பெரிய மண்டபத்தை என்னவாக வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றித்தான் ஆக வேண்டும். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும், கஜலட்சுமி செதுக்கிய வாசல் நிலையும் உள்ள வீட்டில், அந்த நிலைக்கு முன்னாலேயே எல்.இ.டி. திரையை நிறுத்தி, அதில் ராஜஸ்தான் அரண்மனை ஒன்றின் படத்தை ஓடவிட்டால் அதற்கு என்ன பெயர்? வாடகை கொடுத்து எடுத்த வீட்டைப் பணம் கொடுத்து மறைத்தார்கள்.

கண்ணுக்கு உறுத்துவது ருசியைப் பொறுத்தது என்று அதை விட்டுவிடலாம். வளவின் முற்றத்தை மூடியதை அப்படி விட முடியாது. குளிரூட்டி ஓட வேண்டும் என்பதற்காக முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, அதன் அடியில் துணிப் பந்தலும் சர விளக்குகளும் தொங்கவிட்டார்கள். இந்த வீடுகளில் உள்ளே சேரும் சூடு முற்றத்தின் வழியாகத்தான் மேலே ஏறி வெளியேறுகிறது. கனத்த சுவர்களும் உயர்ந்த கூரையும் அதற்குத் துணை. அந்த வாயை அடைத்துவிட்டு, நான்கு புறமும் தாழ்வாரம் திறந்து கிடக்கும் இடத்தில் குளிரூட்டியை ஓடவிட்டதில், திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்துக்கு வளவில் நின்றவர்கள் அனைவரும் வேர்த்து நனைந்தார்கள். கழுத்திரு என்னும் பெரிய தங்கத் தாலியின் கனத்தோடும் கூறைப்புடவையோடும் நின்ற பெண்ணுக்கு அவளுடைய அயித்தை ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில், பணியாரச் சட்டி எரிந்துகொண்டிருந்த இரண்டாங்கட்டு அதைவிடக் குளுமையாக இருந்தது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தரை விஷயம் இன்னும் மோசம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை அச்சில் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் நிரப்பி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. பூ வேலை முழுவதும் மேலே உள்ள மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. அதன் மேல் சிவப்புக் கம்பளத்தை இருபக்கமும் ஒட்டும் நாடா போட்டு ஒட்டியிருந்தார்கள். மறுநாள் உரித்தபோது நாடாவின் பசை கோடு கோடாகத் தரையில் நின்றது. அதைப் போக்கத் துப்புரவுப் பையன்கள் ஆசிட் பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். நல்ல வேளையாக வீட்டுக் காவல்காரர் ஓடி வந்து, "இது சுட்ட கல்லு இல்லப்பா, ஆசிட் பட்டாப் பூவெல்லாம் போயிரும்" என்று தடுத்தார். சுவர்களில் ஆணி அடிக்கக் கூடாது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் அதைக் கடைப்பிடித்தார்கள். முட்டைவெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் கலந்து மெருகேற்றிய அந்தச் சுவர்கள் தப்பித்தன. தரையையும் எழுதியிருக்க வேண்டும். இந்தப் பக்கம் வீடு எடுக்கிறவர்கள் தரைக்கு நாடாவும் ஆசிட்டும் கூடாது என்று ஒப்பந்தத்தில் தனி வரியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

சடங்கு சார்ந்த வேலைகளில் நிறுவனத்தின் சார்பாக நின்றவர் உள்ளூர்க்காரர். அவர் இருந்தது பெரிய உதவி. நகரத்தாரின் கோயில் பிரிவுகளில் பெண் வீட்டார் பிள்ளையார்பட்டிக் கோயில், மாப்பிள்ளை வீட்டார் மாத்தூர்க் கோயில். இரண்டு கோயில்களிலிருந்தும் மாலை வந்து சேராமல் நகரத்தார் கல்யாணம் நடக்காது. புதுத் தம்பதி ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கில் ஏறுவதும் கோயிலில் நடக்கும் கல்யாணப் பதிவை ஒட்டித்தான். அலங்காரக் குழு பெங்களூரிலிருந்து ஆர்க்கிட் மாலைகளை வரவழைத்திருந்தது. அவற்றை வரவேற்புக்குத் தள்ளிவைத்துவிட்டு, கோயில் மாலைகளுக்கு இரண்டு வண்டிகளைத் தனித்தனியாக அனுப்பி, அவை வந்து இறங்கும் வரை அந்த உள்ளூர்க்காரர் முகப்பிலேயே நின்றார். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதும் நேரத்தில் மேளத்தையும் ஒலிபெருக்கியையும் நிறுத்தச் சொன்னதும், படம் எடுப்பவர்களைப் பெரியவர்களின் பின்னால் நிற்கவைத்ததும் அவர்தான். சீர் சாமான் பரப்பியதிலும் அவருடைய கை தெரிந்தது: வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மரம் என்று வகை பிரித்து, ஆச்சிமார் சுற்றி வந்து பார்க்க வழி விட்டு, பர்மா மரவை ஓட்டுச் சாமான்களை (அரக்குப் பூசிய பாத்திரங்களை) வெயில் படாத மூலையில் வைத்திருந்தார். அலங்காரப் பொறுப்பையும் இவரிடமே கொடுத்திருக்கலாம்.

தங்குமிடமும் வாகனமும் குறைவில்லை. திருச்சி, மதுரை விமான நிலையங்களிலிருந்து வந்தவர்களுக்கு வண்டி நேரத்துக்கு நின்றது. பழைய வீடுகளில் கழிவறை எப்போதும் போதாது; தோட்டத்தில் தற்காலிகக் கழிவறைகள் வைத்து, அவற்றைச் சுத்தமாகவும் வைத்திருந்தார்கள்.

கட்டணம் இலைக் கணக்கு. குறைந்தபட்ச இலை எண்ணிக்கை முன்கூட்டியே பேசப்படும், அதற்கு மேல் போனால் போன இலைக்குப் பணம். காலையும் மதியமும் இதில் வில்லங்கமில்லை. பந்திக்குப் பந்தி எங்கள் ஆளும் அவர்கள் ஆளும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்டோம். இரவு விருந்துக்கு அப்படி எண்ண வழியில்லாததால் தட்டுகளை எண்ணினார்கள். ஒரே ஆள் சாட் சாப்பிட ஒரு தட்டும் சாப்பாட்டுக்கு ஒரு தட்டும் இனிப்புக்கு ஒரு தட்டும் எடுத்திருப்பார் அல்லவா? பட்டியலில் அவை மூன்று பேராக வந்து நின்றன. மேலாளரிடம் கேட்டபோது, அது நிறுவன வழக்கம் என்றார். வாசலில் வைத்திருந்த வருகைப் பதிவையும் அறை எண்ணிக்கையையும் எடுத்துவைத்துப் பேசிய பிறகு பெரும்பகுதியைக் கழித்தார்கள். பசைக் கோடுகளை எடுக்க ஆத்தங்குடியிலிருந்து வந்த கல் வேலைக்காரரின் கூலியையும் அதே பட்டியலில் கழித்துக்கொண்டோம். அதற்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை.