மழை மாதத்துக்கு ஒரு பல்லாங்குழி: எந்தப் பலகை தேறும், எது தேறாது

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஐப்பசி பாதியிலிருந்து கார்த்திகை முடியும்வரை வீட்டோடு அடைபட்டுக் கிடக்கும் நாட்கள் வரத்தான் செய்யும். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வாங்கி வைக்கும்போதே ஒரு பல்லாங்குழிப் பலகையையும் வாங்கி வைக்கலாம். பாட்டியும் பேத்தியும் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடிய ஆட்டங்கள் அதிகமில்லை. இதில் பார்வை மங்கியவர்கூட விரலால் தடவிக் காய் எண்ணிவிடுவார்.

இப்போது கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை: நடுவில் கீல் வைத்து மடிக்கும் மரப்பலகை (மீன் வடிவத்திலும் வரும்), ஒரே கட்டையில் குடைந்த பலகை, அப்புறம் பிளாஸ்டிக். மூன்றிலும் முதலில் பார்க்க வேண்டியது மரமோ வேலைப்பாடோ இல்லை, குழியின் அடிப்பக்கம். நல்ல குழி கரண்டி மாதிரி உருண்டு இறங்க வேண்டும். இயந்திரத்தில் நேராகத் துளைத்து, அடி தட்டையாகவும் சுவர் செங்குத்தாகவும் இருக்கும் குழியில் கடைசி இரண்டு காய்கள் மூலையில் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் குழியை வழிக்கிறோம். பத்தாவது நிமிடத்திலேயே சலித்துவிடும். பல்லாங்குழி ‘போர்’ என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப் பேர் கையில் கிடைத்தது இந்த மாதிரிப் பலகையாகத்தான் இருக்கும்.

குழியின் வாய் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் அகலமும், ஆழம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்கட்டும். ஆட்டத்தின் நடுவில் ஒரே குழியில் பதினைந்து காய்வரை சேர்வது சாதாரணம். கடையிலேயே பதினைந்து காயை ஒரு குழியில் போட்டுப் பாருங்கள். பக்கத்துக் குழிக்கு வழிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

மடிப்புப் பலகையின் பலம், காய்களை உள்ளேயே வைத்து மூடிவிடலாம் என்பது. பலவீனமும் மடிப்புதான். விரித்துத் தரையில் வைத்ததும் நடுப்பகுதி மேலே தூக்கிக்கொண்டு நின்றால், கை பட்ட இடத்தில் எல்லாம் பலகை ஆடும். கீல் இரும்பாக இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் துரு ஏறி இறுகிவிடும், பித்தளைக் கீலாகப் பார்த்து வாங்குங்கள். கொக்கியை மாட்டிவிட்டுப் பலகையைத் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள். இடுக்கு வழியாகக் காய் சிந்தினால் அலமாரிக்கு அடியில் தவழ்வதே வேலையாகிவிடும். ஒரே கட்டைப் பலகைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, கனம் இருப்பதால் நகராது. வைக்க இடமும் காய்க்குத் தனியாக ஒரு சுருக்குப்பையும் வேண்டும், அவ்வளவுதான். இடம் இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். பிளாஸ்டிக் பலகை லேசானது, வழுக்கும். அடியில் ஈரத்துணி விரித்தால் சமாளிக்கலாம்.

காய்தான் இன்னொரு பாதி. சோழி பார்க்க அழகு, ஆனால் பெரிய சோழி ஐந்து போட்டாலே குழி நிறைந்துவிடும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத சிறு சோழியாக வாங்குங்கள். ராத்திரி ஆடினால் சோழி மரத்தில் விழும் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். மஞ்சாடிமுத்து கைக்கு இதம், சத்தமும் குறைவு, ஆனால் வழுவழுப்பில் விரலிடுக்கில் நழுவும். என் ஓட்டு புளியங்கொட்டைக்கு. காசில்லை, பிடிக்கவும் எளிது. ஒரே அளவாகப் பொறுக்கி, ஒட்டியிருக்கும் புளி போகக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஈரம் மிஞ்சினால் வண்டு துளைக்கும். வறுக்கக் கூடாது, தோல் உரிந்து குழியெல்லாம் தூளாகும்.

குன்றிமணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பில் கறுப்புக் கண் உள்ளது குன்றிமணி, முழுச் சிவப்பாகவும் தட்டையாகவும் இருப்பது மஞ்சாடி. குன்றிமணி கடும் விஷம். ஓடு உடைந்தோ மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலத்தில் அதை வைத்தும் ஆடினார்கள் என்பது சரி. இலங்கையில் சிங்களவர்கள் புத்தாண்டுக்கு ஆடும் ஒலிந்த கெலிய ஆட்டத்துக்குப் பெயரே அந்த விதையால் வந்ததுதான். ஆனாலும் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் எந்தக் காயையும் எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும்.

பெட்டியோடு வரும் விதிமுறைத் தாள்கள் பெரும்பாலும் உதவாதவை. ஊருக்கு ஊர் விதி மாறும் என்றாலும் அடிப்படை இதுதான். ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய், மொத்தம் 70. உங்கள் வரிசையில் ஏதாவது ஒரு குழியை வழித்து, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய் எதிராளியின் வரிசைக்குள் திரும்புங்கள். கை காலியானதும் அடுத்த குழியை வழித்துத் தொடருங்கள். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு உங்கள் முறை முடிந்தது. தொடர்ந்து இரண்டு குழி வெறுமையென்றால் ஒன்றும் கிடைக்காது. யார் காய் போட்டாலும் சரி, ஒரு குழியில் சரியாக நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்குச் சொந்தக்காரர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் ஐந்தாவது காய் விழுந்தால் போச்சு. சண்டை வருவதெல்லாம் இந்தப் பசுவில்தான்.

ஒரு சுற்று முடிந்ததும் சேர்த்ததை வைத்து அவரவர் குழிகளை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழிகள் அடுத்த சுற்றில் மூடிக்கிடக்கும். ஒரு குழிக்குக்கூடக் காய் இல்லாதவர் தோற்றார்.

காய் எண்ணிக்கையும் விதியும் சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. எல்லாக் குழியிலும் ஐந்து இருக்கும்போது, எந்தக் குழியிலிருந்து தொடங்கினாலும் முதல் ஆட்டக்காரர் சரியாக 27 காய் போட்டு, ஒரு வெற்றுக் குழியைத் துடைத்து, 7 காய் எடுப்பார். வேறு எண் வந்தால் எங்கோ ஒரு காய் கூடவோ குறையவோ விழுந்திருக்கிறது. முதலில் ஆடுபவருக்கு இந்த ஏழு உறுதி என்பதால் ஒவ்வொரு சுற்றையும் மாற்றி மாற்றித் தொடங்குவதே நியாயம். சில வீடுகளில் குழிக்கு ஆறு போடுவார்கள். அப்படிப் போட்டால் முதல் ஆட்டக்காரரின் முறை 12 காய் போட்டதுமே முடிந்துவிடும், பிடிப்பது அதே ஏழுதான். புதிதாகக் கற்பவருக்கு ஐந்துதான் நல்லது, கை நிறையச் சுற்றி வரும்.

பெட்டிகளில் பெரும்பாலும் 70 காய்தான் எண்ணிப் போட்டிருப்பார்கள். ஒன்று தொலைந்தால் ஆட்டம் கணக்குக்கு வராது, பத்து உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் கனமாகப் பூசிய பலகை மழை ஈரத்தில் பிசுபிசுக்கும். எண்ணெய் மட்டும் தேய்த்த மரம் மேல். பூஞ்சணம் வெள்ளையாகப் படிந்தால் தண்ணீர் படாமல் உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் தலைகாட்டும் நாளில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு சொட்டு வேப்பெண்ணெய் தடவினால் போதும்.

வாங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டதென்றால் பதினான்கு காகிதக் கோப்பைகளை இரண்டு வரிசையாக வைத்து ஆடலாம். கோப்பையின் உயரத்தைப் பாதியாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கை உள்ளே போகாது.