ஆறாண்டு டெபியன் பயன்பாடு: இரண்டாம் கட்டுக்கு வராத வைஃபை

காரைக்குடியில் எங்கள் வீட்டு ரூட்டர் முகப்பில் இருக்கிறது. நான் வேலை செய்யும் மேசை, நடு முற்றப் பகுதியான வளவைத் தாண்டி, வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டில் கிடக்கிறது. 2019இல் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 10ஆம் பதிப்பை நிறுவிய நாள் முதல், அந்த மேசையில் வைஃபை கிடைப்பது அரிதாகவே இருந்தது.

முதல் சிக்கல் நிறுவும்போதே வந்தது. அந்த வெளியீட்டின் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் மூலநிரல் திறக்கப்படாத ஃபர்ம்வேர்கள் (கார்டு போன்ற வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்கள்) இருக்கவில்லை. ஆகவே வயர்லெஸ் கார்டை இயக்கும் மென்பொருளான இயக்கி, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இருந்தபோதும், கார்டு இயங்கவில்லை. கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் வழியாக இணையம் பெற்று, அத்தகைய தொகுப்புகள் உள்ள நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்து, ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவியதும் கார்டு உயிர்பெற்றது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இலிருந்து இவை நிறுவல் கோப்பிலேயே சேர்ந்து வருவதால், புதிதாக நிறுவுவோருக்கு இந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லை.

அடுத்த சிக்கலுக்குத்தான் ஓராண்டுக்கு மேல் பிடித்தது. சிக்னல் மிகப் பலவீனமாக இருந்ததற்கு நான் வீட்டுச் சுவர்களையே காரணமாக நினைத்தேன். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய அகலமான சுவர்களை அறிந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி வளவுத் தூணுக்கு அருகில் வைத்தும் பயன் இல்லை. ஒரு நாள் மடிக்கணினியை முகப்புக்கே கொண்டுபோய் ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது: கைபேசி முழு சிக்னலைக் காட்டிய அதே இடத்தில், இடையில் ஒரு சுவரும் இல்லாதபோதும், மடிக்கணினி மைனஸ் 82 டிபிஎம் என்றே காட்டியது (சிக்னல் வலிமையின் இந்த அளவு பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது).

கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை, கார்டின் அடையாள எண் 10இசி:பி723 என்றும், அதை இயக்குவது ஆர்டிஎல்8723பிஇ என்ற கெர்னல் மாட்யூல் (தேவைக்கேற்ப கெர்னலில் ஏற்றவும் நீக்கவும் கூடிய இயக்கி) என்றும் காட்டியது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவுகளில் பிழை எதுவும் இல்லை. பிறகு மோடுஇன்ஃபோ கட்டளையில் அந்த மாட்யூல் ஏற்கும் அளவுருக்களைப் படித்தேன். அவற்றில் ஒன்று ஆன்ட்_செல்: ஆன்டெனாவை 1 அல்லது 2 என்று வற்புறுத்தித் தேர்வதற்கானது. கார்டில் இரண்டு ஆன்டெனா முனைகள் இருந்தும், செலவைக் குறைக்க ஒன்றில் மட்டும் கம்பியைப் பொருத்திய மடிக்கணினிகள் உண்டு. என்னுடையதும் அத்தகையதே. இயக்கி கம்பி இல்லாத முனையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. மாட்யூலை நீக்கி, ஆன்ட்_செல்லுக்கு 2 கொடுத்து மறுபடி ஏற்றியவுடன் சிக்னல் மைனஸ் 50க்கு வந்தது. அந்த மகிழ்ச்சியை நான் இன்றும் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தானாக அமையும்படி, மாட்யூல் அமைப்புகளுக்கான மோட்புரோப்.டி கோப்புறையில் ஒற்றை வரியாக அதை எழுதிவைத்தேன். பதிப்புகள் மாறியும் அந்த வரி அப்படியே இருக்கிறது.

இரண்டாம் கட்டில் இப்போது மைனஸ் 68 வரை கிடைக்கிறது. சுவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு அவ்வளவுதான். இடையிடையே இணைப்பு அறுந்ததற்கு மின்சேமிப்பே காரணம் என்பது தெரிந்ததும், நெட்வொர்க்மேனேஜரில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கி அதை அணைத்துவிட்டேன்.

கெர்னலிலேயே இயக்கி உள்ள கார்டையே வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். தேவகோட்டையில் இருக்கும் என் தங்கை வாங்கிய யூஎஸ்பி வைஃபைக்கு வெளியிலிருந்து எடுத்த இயக்கியை, கெர்னல் மாறும்போதெல்லாம் இயக்கியை மறுபடி தொகுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் தொகுத்துக் கொடுத்திருந்தேன். கெர்னல் புதுப்பித்த மறுநாள் காலையே, “அண்ணே, நெட் சுத்தமா வரல” என்று அழைத்தாள். இயக்கியைத் தொகுக்கத் தேவையான, புதிய கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் இல்லாததால் இயக்கி தொகுக்கப்படாமல் நின்றிருந்தது. குறிப்பிட்ட பதிப்புக்கான ஹெடர்களை மட்டும் நிறுவியது என் பிழை. கெர்னலுடன் சேர்ந்தே புதுப்பிக்கப்படும் பொதுவான ஹெடர் தொகுப்பை நிறுவிய பிறகு, அடுத்து வந்த கெர்னல்களுக்கெல்லாம் இயக்கி தானாகவே தொகுக்கப்பட்டுவருகிறது.