ஸ்டெலியோவின் அரக்குத் தட்டுகள்: புதுச்சேரி பழம்பொருள் கடையில் பார்த்து வாங்க

பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்கள் வந்து சேரும் புதுச்சேரிக் கடை ஒன்றில், ஓடியோன் கம்பெனியின் 25 செ.மீ. அரக்கு இசைத்தட்டுகள் (பழைய கிராமபோன் தட்டுகள்) ஒரு கட்டு விற்பனைக்கு இருக்கின்றன. அதில் கிளாரினெட் கலைஞர் அலெக்சாந்திர் ஸ்டெலியோவின் பெகின்களும் (கரீபிய நடன இசை) உண்டு. கிளாரினெட் பிரியர்கள் அதற்காகவே போகலாம்.

ஸ்டெலியோ 1885இல் கரீபியத் தீவான மார்த்தினிக்கில் பிறந்தவர். 1929இல் தன் குழுவோடு பாரிஸ் போய், அதே ஆண்டு ஓடியோனுக்கு வாசித்தார். 1931 காலனியக் கண்காட்சிக்குப் பிறகு பாரிஸே பெகினுக்கு ஆடியது. 1939இல் அங்கேயே காலமானார். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் போலவே இங்கும் கிளாரினெட்டும் டிராம்போனும் பின்னிக்கொள்ளும். ஆனால் மெட்டு கிளாரினெட்டின் கையில்தான். பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அவர் புதுச் சங்கதி போடுவார். நம் கர்நாடக இசைக் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் சுரங்களை இழைத்துக் குழைப்பார். ஸ்டெலியோ பொடிப்பொடியாக உதிர்ப்பார். அந்த வேகத்திலும் ஒரு சுரம்கூட மங்காது.

கடையில் போட்டுக் காட்டும்போது இரைச்சல்தான் முந்திக் கேட்கும். தட்டைக் குறை சொல்லாதீர்கள். அங்கே மாட்டியிருப்பது பிற்கால எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசி. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இந்த அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது, ஏறக்குறைய 75 மைக்ரான் முனை வேண்டும். மெல்லிய ஊசி அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். சரியான ஊசி போட்டு, ஆம்பிளிஃபையரை மோனோவுக்கு (ஒற்றை ஒலித்தடத்துக்கு) மாற்றினால் கிளாரினெட் முன்னால் வந்து நிற்கும். வேகத்தையும் பாருங்கள்: 80இல் சுற்றினால் சுருதி ஏறத்தாழ கால் கட்டை கூடிவிடும், தட்டோடு சேர்ந்து நீங்கள் வாசிக்க முடியாது.

வாங்குமுன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' கேட்கும்; அதற்கு வைத்தியம் கிடையாது. பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் இரும்பு ஊசி தேய்த்துத் தின்ற தட்டு, உரத்த இடமெல்லாம் கரகரக்கும். விட்டுவிடுங்கள்.

கடைக்காரர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுக்கிறார். உடனே தடுங்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, லேபிளில் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்துணியால் துடைத்தால் போதும்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கியிருப்பதும் தவறு. பாரத்தில் அடித்தட்டு விரிசல் விடும். கட்டின் மேல்பாதியிலிருந்து எடுப்பதே நல்லது. கடலூருக்குப் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் இருபக்கமும் அட்டை வைத்துக் கட்டி, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெயில் பட்டாலே தட்டு வளைந்துவிடும்.